மூன்று கட்டு வீட்டில் இரவானால் போய்விடும் வைஃபை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற, செட்டிநாட்டுப் பக்கத்துக்கே உரிய நீள வீடு. முன்னிருந்து பின்வரை சுமார் 180 அடி, அகலம் 60 அடி. திண்ணை, முகப்பு, முகப்புக்கு மேல் ஒரு மாடி அறை. முகப்பைத் தாண்டினால் நடுவில் வானம் தெரியும் வளவு, அதன் இருபுறமும் வரிசையாக அறைகள். அடுத்தது பந்தி நடக்கும் இரண்டாங்கட்டு. கடைசியில் அடுப்படியும் கிணறும் உள்ள மூன்றாங்கட்டு. எல்லாம் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள். கதவு நிலையில் டேப்பை வைத்துப் பார்த்தேன்: கட்டுக்கும் கட்டுக்கும் நடுவே உள்ள சுவர் இரண்டேகால் அடி கனம்.

அவ்வளவு பெரிய வீட்டில் இருப்பவர்கள் மூன்றே பேர். 78 வயது ஆச்சி, அவருடைய மருமகள், சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பேத்தி. ஆச்சியின் இளைய மகன் அமெரிக்காவில், மேற்குக் கரையில் இருக்கிறார். அவர் தினமும் வேலைக்குக் கிளம்பும் முன், அங்கே காலை 8:30 மணிக்கு, அம்மாவை வீடியோவில் கூப்பிடுவார். நமக்கு அது இரவு 9 மணி.

ஆச்சி புழங்குவதெல்லாம் மூன்றாங்கட்டில்தான். படுக்கையும் அங்கேதான். ஆனால் இரவானால் வைஃபை அங்கே எட்டாது. அதனால் தினமும் இரவில் செல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு கட்டுகளைத் தாண்டி முகப்புக்கு நடந்து வருவார். ஆகஸ்ட் மாதம் ஒரு மழை நாளில், வளவில் சாரல் அடித்து நனைந்திருந்த ஆத்தங்குடித் தரைக்கல்லில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளையாக எலும்பில் ஒன்றும் இல்லை, முழங்கை வீங்கியதோடு போயிற்று. மறுநாள் காலையில் பேத்தி எனக்குப் போன் செய்தார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் நெட்வொர்க் போட்டுத் தருவது என் வேலை. வீடுகளுக்கு அதிகம் போவதில்லை. விழுந்த விஷயத்தைக் கேட்ட பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

அதற்கு முன் செய்து பார்த்தவை

ஒன்றரை வருடத்தில் மூன்று முயற்சிகள் நடந்திருந்தன. முதலில் 100 எம்பிபிஎஸ் வேக இணையத் திட்டத்தை 300க்கு மாற்றினார்கள். அடுத்து, ஆறு ஆன்டெனா வைத்த ரூட்டர் ஒன்றை வாங்கினார்கள். அப்புறம், சுவரில் பிளக் போல மாட்டும் ரிப்பீட்டர் ஒன்றை இரண்டாங்கட்டில் மாட்டினார்கள். இணைய இணைப்பு தருபவர்களிடம் புகார் சொன்னபோதெல்லாம், “ராத்திரியில எல்லாரும் பார்க்கிறாங்க, நெரிசல், அதான் வேகம் குறையுது” என்று பதில் வந்திருக்கிறது. வீட்டாரும் அதை நம்பினார்கள். நம்பாமல் இருக்க வழியும் இல்லை, குறை இரவில்தானே வருகிறது.

ரிப்பீட்டர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். இரண்டாங்கட்டில் செல்லில் கோடுகள் முழுசாகக் காட்டும், ஆனால் ஒரு படம் திறக்காது. அந்தக் கோடுகள் செல்லுக்கும் ரிப்பீட்டருக்கும் நடுவே உள்ள சிக்னல் எவ்வளவு என்பதைத்தான் சொல்கின்றன. ரிப்பீட்டருக்கும் ரூட்டருக்கும் நடுவே என்ன நிலைமை என்பது செல்லுக்குத் தெரியாது. சிக்னல் செத்துப்போன இடத்தில் ரிப்பீட்டரை மாட்டினால், அது செத்த சிக்னலையே வாங்கிப் பலமாகத் திருப்பிச் சொல்லும். அதோடு, ஒரே ரேடியோவில் வாங்குவதும் கொடுப்பதும் நடக்கும் மாடல் என்றால், கிடைக்கிற வேகத்திலும் ஏறக்குறைய பாதி அதற்கே போய்விடும்.

முதல் நாள் பார்த்தது

முதலில் வெளியிலிருந்து வரும் இணைப்பு சரியா என்று பார்த்தேன். ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் லேப்டாப்பைக் கேபிளால் நேராகச் செருகி அளந்தால் 287 எம்பிபிஎஸ். அதே அளவை இரவு 9 மணிக்கு எடுக்கச் சொல்லிப் பேத்தியிடம் விட்டு வந்தேன். 281 என்று அனுப்பினார். நெரிசல் என்ற பேச்சு அதோடு முடிந்தது. குறை வீட்டுக்குள்தான்.

அடுத்து ரூட்டரைத் தேடினேன், கண்ணில் படவில்லை. முகப்புச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பெல்ஜியம் கண்ணாடி, மேல்பக்கம் முன்னால் சாய்ந்தபடி தொங்குகிறது. பின்னால் ஒரு முழம் இடைவெளி. வயர் வெளியே தெரிந்தால் அழகு கெடும் என்று எலக்ட்ரீஷியன் ரூட்டரை அந்த இடைவெளியில் ஒளித்து வைத்திருக்கிறார். கண்ணாடியின் முதுகில் பூசியிருப்பது வெள்ளி. உலோகப் பூச்சு, ரேடியோ அலையையும் கிட்டத்தட்ட வெளிச்சத்தைப் போலவே திருப்பி அனுப்பிவிடும். வீட்டுப் பக்கம் போகவேண்டிய சிக்னலை அந்தக் கண்ணாடி மறுபடி சுவர்ப் பக்கமே அனுப்பிக்கொண்டிருந்தது.

பேத்தி ஒரு பெரிய தாளில் வீட்டை வரைந்து கொடுத்தார். 22 இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் நின்று, சிக்னல் அளக்கும் செயலியில் ரூட்டருக்குக் காட்டிய எண்ணை எழுதினோம். இந்த எண் மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67க்குள் இருந்தால் வீடியோ பேச்சு தடங்கல் இல்லாமல் போகும், மைனஸ் 80ஐத் தாண்டினால் நம்பி எதுவும் செய்ய முடியாது. 3 குறைந்தால் வந்து சேரும் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. அதனால் 5, 6 எண் வித்தியாசத்தை அற்பமாக நினைக்கக்கூடாது.

முகப்பில் மைனஸ் 41. வளவில் மைனஸ் 63. இரண்டாங்கட்டில் மைனஸ் 71. மூன்றாங்கட்டின் நடுவில் மைனஸ் 78. அங்கிருந்து பக்கவாட்டில் நாலு எட்டு வைத்து ஆச்சி உட்காரும் ஆட்டுக்கல் பக்கம் போனால் மைனஸ் 88.

அந்த நாலு எட்டில் 10 எண் எப்படிக் குறைகிறது? நடுவில் சுவர் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு, நடுவில் நின்று திரும்பிப் பார்த்தபோது வழி தெரிந்தது. இந்த வீடுகளில் முன்வாசல் கதவிலிருந்து பின்வாசல் கதவு வரை எல்லாக் கதவும் ஒரே நேர்கோட்டில் வரும். பின்கட்டில் நின்றால் தெருவில் போகிற சைக்கிள் தெரியும். அந்த இரண்டேகால் அடிச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு சிக்னல் வரவில்லை, திறந்திருந்த கதவுகள் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அந்தக் கோட்டை விட்டு விலகினால் சிக்னலும் விட்டுப்போகிறது.

“இந்தக் கதவெல்லாம் எப்ப சாத்துவீங்க ஆச்சி?” என்று கேட்டேன்.

“எட்டு, எட்டரைக்குச் சாத்திருவோம் தம்பி. வௌவால் வந்துரும்ல.”

ராத்திரி ஆனால் நெட் போய்விடுகிறது என்ற குறைக்கு விடை அதுதான். இரண்டரை அங்குலத் தேக்கு, குறுக்கே இரும்புப் பட்டை, பித்தளைக் குமிழ் வைத்த கதவுகள். அவர் சொன்ன மாதிரி இரண்டு கதவையும் சாத்திவிட்டு அளந்தோம். ஒரு கதவுக்கு 7 முதல் 8 வரை இறங்கியது. மூன்றாங்கட்டின் நடுவிலேயே மைனஸ் 90ஐத் தாண்டி, செல் வைஃபையைக் கைவிட்டுவிட்டது. ஒன்றரை வருடமாக இரவு 8:30க்குக் குறை வந்து காலையில் சரியாகிக்கொண்டிருந்ததற்குக் காரணம் கதவு சாத்துவதும் திறப்பதும்தான். யாரும் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நானும் ஆச்சி பதில் சொல்லும்வரை சேர்த்துப் பார்க்கவில்லை.

முதல் சின்ன மாற்றம்

பெரிய வேலை தொடங்கும் முன், ரூட்டரைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எடுத்து, கதவுக் கோட்டைப் பார்த்தபடி ஒரு மர முக்காலியில் வைத்தேன். செலவு ஒன்றும் இல்லை. இரண்டாங்கட்டு மைனஸ் 62க்கும், மூன்றாங்கட்டு நடு மைனஸ் 69க்கும் வந்தது. ஆனால் ஆட்டுக்கல் பக்கம் மைனஸ் 79தான், கதவு சாத்தினால் அதுவும் போய்விடும். வேலை நடக்கும்வரை, பேசுகிற நேரம் கதவைத் திறந்து வைத்து, ஆச்சியை மூன்றாங்கட்டின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைக்கச் சொன்னேன். அன்று இரவே அவர் முகப்புக்கு நடக்காமல் மகனிடம் பேசினார். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் நிம்மதியான நாள் அதுதான்.

எதை ஏன் வேண்டாம் என்றோம்

அதிகம் விற்கும் யோசனை, மூன்று பெட்டி கொண்ட மெஷ். வைஃபையை ஒரு பெட்டி இன்னொன்றுக்குக் கைமாற்றி வீடு முழுக்கப் பரப்பும் அமைப்பு. வீட்டில் துளை போடவேண்டாம், வயர் இழுக்கவேண்டாம். தெரிந்த கடையிலிருந்து ஒரு செட் இரவல் வாங்கி வந்து, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வைத்துப் பார்த்தேன். கதவு திறந்திருந்தபோது இரண்டாங்கட்டில் 62 எம்பிபிஎஸ், மூன்றாங்கட்டில் 24. கதவு சாத்தியதும் மூன்றாங்கட்டில் 6, அதுவும் விட்டு விட்டு. பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதும் காற்றில்தான். நம் செல்லைத் தடுத்த கதவு அவற்றையும் தடுக்கிறது. ஹாலோ பிளாக் சுவர் வைத்த வீடாக இருந்திருந்தால் நானே மெஷ் போதும் என்று சொல்லியிருப்பேன்.

கரண்ட் வயர் வழியாகவே டேட்டா அனுப்பும் அடாப்டரும் உண்டு. இந்த வீட்டில் மூன்று ஃபேஸ் இணைப்பு. முகப்பு ஒரு ஃபேஸ், பின்கட்டு வேறொரு ஃபேஸ். ஒரு ஃபேஸில் விடும் டேட்டா இன்னொரு ஃபேஸுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. நடுவே பழைய வயரும் புது வயரும் கலந்து கிடக்கிறது. அதைத் தொடவில்லை.

இன்னும் சக்தியுள்ள ரூட்டர் வாங்கலாமா என்று மருமகள் கேட்டார். திருவிழாவில் ஒலிபெருக்கியில் பேசுபவர் குரல் நமக்கு ஊர்க்கோடியிலும் கேட்கும். நாம் அங்கிருந்து பதில் சொன்னால் அவருக்குக் கேட்குமா? வைஃபை இரண்டு பக்கமும் நடக்கிற பேச்சு. ரூட்டர் எவ்வளவு கத்தினாலும், செல்லுக்கு இருப்பது சின்னக் குரல்தான். அதன் பதில் போய்ச் சேராவிட்டால் கோடு நிறையக் காட்டியும் பயன் இல்லை. இதை அவருக்குச் சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டார்.

எடுத்த முடிவு

ஆள் உட்காரும் இடத்துக்கு வயரைக் கொண்டுபோவது, காற்றில் போகும் தூரத்தை ஓர் அறை அளவுக்குச் சுருக்குவது. ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி. முகப்பு, மாடி அறை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று மொத்தம் ஐந்து. வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குத் தனியாக எதுவும் வைக்கவில்லை. அவை பாத்திரமும் பெட்டியும் இருக்கும் அறைகள், யாரும் அங்கே உட்கார்ந்து வீடியோ பார்ப்பதில்லை.

வீட்டார் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: சுண்ணாம்புப் பூச்சில் ஓட்டை போடக்கூடாது, வளவில் வெள்ளைக் குழாய் தெரியக்கூடாது. சரியான நிபந்தனை. கண்ணாடி மாதிரி பளபளக்கும் அந்தப் பூச்சை உடைத்தால் திரும்பப் பூச இன்று ஆள் கிடைப்பது கஷ்டம். வழி தேடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தபோது, கதவு நிலைகளுக்கு மேலே பழைய தேக்குக் கேசிங் கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் கரண்ட் வயர் ஓடிய மரப்பட்டை. புது வயரிங் செய்தபோது வயரை மட்டும் உருவிவிட்டு மரத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். உள்ளே இரண்டு பள்ளம். வளவுக்கு ஒன்று, இரண்டாங்கட்டுக்கு ஒன்று என்று நமக்கு வேண்டியதும் இரண்டு கேபிள். சில இடத்தில் பள்ளம் போதாமல் ஆசாரி உளியால் ஒரு நூல் அகலப்படுத்தினார். மூடிப் பட்டையை மறுபடி அறைந்ததும், உள்ளே கேபிள் ஓடுகிறது என்று சொன்னால்தான் தெரியும். கட்டுக்குக் கட்டு சுவரைத் தாண்ட மேலே இருந்த காற்றுத் துவாரங்கள் போதுமானதாக இருந்தன.

மூன்றாங்கட்டுக்குக் கேசிங் கிடையாது. ஓட்டுக்கூரை வழியாக, வெட்டவெளியில் 68 மீட்டர் போகவேண்டும். கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர்வரை தாங்கும் என்பதால் தாமிரக் கேபிளே போட்டிருக்கலாம். போடவில்லை. போன வருட இடியில் இந்த வீட்டில் செட்டாப் பாக்ஸும் ஃபைபர் பெட்டியும் எரிந்திருக்கின்றன. கூரைமேல் நீளமாகக் கிடக்கும் தாமிரக் கம்பி பக்கத்தில் இடி விழுந்தாலே மின்னழுத்தத்தை வாங்கிக்கொண்டு இரண்டு முனையிலும் உள்ள கருவியைக் கொன்றுவிடும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் கரண்ட் ஓடாது. அதனால் இந்த ஒரு தூரத்துக்கு மட்டும் ஃபைபர், இரண்டு முனையிலும், ஃபைபரில் வரும் ஒளியைத் தாமிரக் கேபிளுக்கு ஏற்ப மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர். வீட்டுக்கு இழுக்கும் ஃபைபர் கேபிளின் ஓரத்தில் தாங்குவதற்காக ஓர் இரும்புக் கம்பியும் ஓடும். அதை வீட்டுக்குள் நுழையும் முன்பே உரித்துப் பிரித்து வெளியிலேயே நிறுத்திவிட்டோம், இல்லாவிட்டால் ஃபைபர் போட்டதன் பலன் போய்விடும். அணில் கடிக்கும் என்பதால் முழு நீளமும் கறுப்புக் குழாய்க்குள். இழை ஒட்டுவதற்கு ஊர் கேபிள் டிவிக்காரர் தம் மெஷினோடு வந்து இரண்டு முனையையும் ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்.

வேலை நடந்த நாட்கள்

செப்டம்பரில் மூன்று நாள். முதல் நாளே ஒரு தடங்கல். உள்ளூரில் வாங்கிய கேபிள் சுருளில் சுத்தத் தாமிரம் என்று அச்சிட்டிருந்தது. தூக்கினால் கனம் குறைவாகப் பட்டது. ஒரு முனையை நறுக்கி, பிளேடால் கம்பியின் மேல்தோலைச் சுரண்டினேன். செம்பு நிறத்துக்கு அடியில் வெள்ளையாகப் பளிச்சிட்டது. அலுமினியத்தின்மேல் தாமிர முலாம். ஆக்சஸ் பாயின்ட்டுக்கு வேண்டிய கரண்டும் அதே கேபிளில் போவதால், இந்த வகையைப் போட்டால் தடை அதிகம், சூடு அதிகம், வளைத்த இடத்தில் முறியும். திருப்பிக் கொடுத்து வேறு சுருள் வாங்கியதில் அரை நாள் போயிற்று. கேபிள் வாங்கும் எல்லோரும் கடையிலேயே பிளேடு கேட்டு வாங்கிச் சுரண்டிப் பாருங்கள்.

இரண்டாம் நாள், இரண்டாங்கட்டு ஆக்சஸ் பாயின்ட் வேலை செய்தது, ஆனால் வேகம் 94ஐத் தாண்டவில்லை. இந்த எண்ணைப் பார்த்தால் காரணம் ஏறக்குறைய தெரிந்துவிடும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். ஏதோ ஒரு கம்பி சேரவில்லை என்றால் கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தியிருந்த பின்னை வெட்டிப் பார்த்தேன், நீலக் கம்பி முனைவரை போய்ச் சேரவில்லை. புதுப் பின் போட்டதும் சரியாயிற்று.

மூன்றாங்கட்டில் இடம் தேர்வு செய்ததில் நான் அவசரப்பட்டேன். பிளக் பக்கத்தில் இருக்கிறதே என்று பாத்திர அலமாரிக்கு மேலே மாட்டினேன். அண்டா, தவலை, எவர்சில்வர் அடுக்கு என்று முழுக்க உலோகம். ஆட்டுக்கல் பக்கம் மைனஸ் 74 காட்டியது, 20 அடி தூரத்தில். ஆச்சி அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அந்தப் பக்கம் உத்தரத்துல கட்டுனா என்ன தம்பி?” என்றார். கழற்றி 4 மீட்டர் தள்ளி உத்தரத்தின் அடியில் மாட்டினோம். மைனஸ் 52.

அமைப்பு முறை

ஐந்துக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிட்டேன். வைஃபைக்கு இரண்டு அலைவரிசை, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 என்ற மூன்று சேனல்களை மட்டும் மாற்றி மாற்றி வைத்தேன், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 5 கிகாஹெர்ட்ஸில் அகலம் 40. 80 வைத்தால் காகிதத்தில் வேகம் கூடும், ஆனால் ஐந்து பெட்டிக்குச் சேனல் பங்கிடுவது சிக்கலாகும். 300 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 40 தாராளம்.

எல்லாப் பெட்டியின் சக்தியையும் குறைத்து வைத்ததைப் பார்த்துப் பேத்தி ஆச்சரியப்பட்டார். முழுச் சக்தியில் வைத்தால் முகப்பில் பிடித்த செல், வளவு தாண்டியும் அதையே தொங்கிக்கொண்டிருக்கும். எந்தப் பெட்டிக்கு மாறுவது என்பதைக் கடைசியில் முடிவு செய்வது செல்தான். பழைய இடத்தில் சிக்னல் தேய்ந்தால்தான் அதற்கு மாறும் எண்ணமே வரும். குறைத்த பிறகு, பேசிக்கொண்டே முகப்பிலிருந்து அடுப்படி வரை நடந்தால் ஒரு கணம்கூடப் படம் நிற்காமல் மாறியது.

மூன்றாங்கட்டுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை. கரண்ட் போனால் அங்கே மட்டும் வைஃபை நின்றுவிடும். கன்வெர்ட்டரும் ஆக்சஸ் பாயின்ட்டும் ஓடுவதற்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்றை அங்கே வைத்தோம்.

மொத்தச் செலவு, ஆசாரி கூலியும் சேர்த்து, 46,000 ரூபாய். குறைவான தொகை இல்லை. ஆனால் முன்னால் ரூட்டருக்கும் ரிப்பீட்டருக்கும் உயர்த்திய திட்டத்துக்கும் 11,000க்கு மேல் போயிருந்தது, குறை அப்படியே இருந்தது.

பிறகு நடந்தவை

எல்லாக் கதவும் சாத்திய நிலையில் இரவு 9 மணிக்கு மறுபடி 22 இடத்தையும் அளந்தோம். ஆள் புழங்கும் எந்த இடத்திலும் மைனஸ் 61க்குக் கீழே போகவில்லை. ஆட்டுக்கல் பக்கம் ஆச்சியின் செல்லில் 180 எம்பிபிஎஸ். வளவைச் சுற்றிய உள்ளறைகளில் மைனஸ் 72 முதல் 76 வரை. அங்கே எதிர்பார்த்ததும் அதுதான்.

பத்து நாள் கழித்துப் பேத்தியிடமிருந்து போன். சில செல்களில் வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை. போய்ப் பார்த்தால், அந்தச் செல்களுக்கு 192.168.0 என்று தொடங்கும் நெட்வொர்க் முகவரி கிடைத்திருக்கிறது. நாங்கள் அமைத்தது 192.168.1. சும்மா கிடக்கிறதே என்று யாரோ பழைய ஆறு ஆன்டெனா ரூட்டரை டிவி பக்கம் இருந்த கேபிளில் செருகியிருக்கிறார்கள். அதுவும் முகவரி வழங்கும் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது. ஒரே தெருவில் இரண்டு பேர் ஆளுக்கொரு விதமாக வீட்டு எண் எழுதினால் தபால் எங்கே போகும்? இதில் வீட்டார்மேல் தவறில்லை. வேலை முடிந்த அன்றே அந்த ரூட்டரைக் காட்டி, இனி இதைச் செருகக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கவேண்டியது நான்.

அக்டோபர் மழையில் ஓர் இரவு நல்ல இடி. மூன்றாங்கட்டு யுபிஎஸ்ஸின் அடாப்டர் போய்விட்டது. கரண்ட் வழியாக வந்த அடி. கன்வெர்ட்டர், முகப்பில் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச், ஃபைபர் பெட்டி மூன்றும் தப்பின. தாமிரம் போட்டிருந்தால் இந்த மூன்றில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. அடாப்டர் மாற்ற 350 ரூபாய் ஆனது. அதோடு அந்தப் பிளக்குக்கு ஒரு சர்ஜ் காப்பானும் மாட்டினோம்.

மே மாதம் மாடி அறையில் மதியம் மட்டும் இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. மாட்டியிருந்த பெட்டி 40 டிகிரி வெப்பம்வரைதான் தாங்கும் என்று அதன் அடியிலேயே அச்சிட்டிருக்கிறது. வெயிலில் காய்ந்த தளத்துக்கு ஒட்டினாற்போல் மாட்டியிருந்ததால் தொட்டால் கை சுட்டது. மூன்றடி கீழே, மின்விசிறிக் காற்று படும் இடத்துக்கு இறக்கியதும் நின்றுவிட்டது.

மறுபடி செய்தால் மாற்றுவது

முதல் அளவை இரவில் எடுப்பேன். குறை எந்த நேரத்தில் வருகிறது என்று சொல்கிறார்களோ அந்த நேரத்தில், வீடு அந்த நேரத்தில் இருக்கிற நிலையில். பகலில் 22 இடத்தை அளந்ததில் பாதி உழைப்பு வீண்.

வீட்டு வரைபடத்தில் கருவிகளைக் குறிக்கும் முன், யார் எங்கே உட்கார்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள், எந்தக் கதவு எப்போது சாத்தப்படும் என்பதைக் குறிப்பேன். அதை ரொம்ப நாள் அந்த வீட்டில் இருப்பவரிடம்தான் கேட்கவேண்டும்.

ஃபைபரை ஓர் இழைக்குப் பதில் இரண்டு இழையாகப் போட்டிருப்பேன். விலை வித்தியாசம் சொற்பம். அணில் குழாயையும் கடித்துவிட்டால் மாற்று இழை கையில் இருக்கும். இப்போது அது இல்லை, அந்தக் கவலை எனக்கு இன்னும் உண்டு.

கேபிள் போன வழி, பெட்டிகள் இருக்கும் இடம், சேனல், கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி முகப்பு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஆனால் ஒட்டியது பத்து நாள் கழித்து, அந்த ரூட்டர் குழப்பத்துக்குப் பிறகு. முதல் நாளே ஒட்டியிருக்கவேண்டும்.

நவம்பரில் அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தபோது, மகன் கூப்பிடும் நேரம் நமக்கு இரவு 10 ஆகிவிட்டது. அதற்குள் வீடு முழுக்கக் கதவு சாத்தி, விளக்கணைத்திருக்கும். மூன்றாங்கட்டில் ஒரு விளக்கு மட்டும் எரியும். ஆச்சி படுக்கையிலேயே சாய்ந்து உட்கார்ந்து பேசுகிறார்.